மெர்சென் அடிகளும் இருபத்தோரு இலக்க எண்ணும்

2024 ஒக்டோபரில் 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்களைக் கொண்ட ஒரு முதன்மை எண் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அறியப்பட்டவற்றுள் அதுவே மிகப் பெரியது. அவ்வகை எண்களுக்கு வழங்கும் பெயர் ஒரு கத்தோலிக்கக் குருவானவருடையது என்பதை நம்மிற் பலர் அறியார்.

மரின் மெர்சென் 1588 செப்டெம்பர் 8ஆம் திகதி பிரான்ஸ் தேசத்தின் மேன் மாகாணத்திற் பிறந்தார். லா பிளெஷ் நகரில் யேசுசபையாரின் கல்லூரியிற் பயின்று, 1611இல் மினிம் சபையிற் சேர்ந்தார். தபசு காலத்தில் மட்டுமன்றி, ஆண்டு முழுவதும் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை விலக்கி வாழும் கடுமையான சபை அது. 1619 முதல் பாரிஸ் மடமே அவரது இருப்பிடமாயிற்று.

விஞ்ஞான சஞ்சிகைகள் இல்லாத காலம் அது. அக்குறையை அவருடைய சிற்றறை நீக்கிற்று எனலாம். டெக்கார்ட், பெர்மா முதலிய பேரறிஞர்கள் அவருக்குக் கடிதம் எழுதுவர். ஒருவர் கண்டதை மற்றவருக்கு அவர் அறிவிப்பார். 1633இல் கலிலேயோவுக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கப்பட்டது. மறு ஆண்டே அவருடைய பொறிமுறை நூலை அடிகளார் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்! அந்தத் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

இனி எண்களுக்கு வருவோம். 6ஐ மீதியின்றி வகுக்கும் சிறிய எண்களான 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 6 வரும். இத்தகையது நிறைவெண். படைப்பின் ஆறு நாட்களைப் பற்றி எழுதுகையில் புனித அகுஸ்தீனாரும் இதனைக் குறிப்பிட்டுள்ளார். அடுத்தது 28. இரண்டின் வலு ஒன்றிலிருந்து 1ஐக் கழிக்க முதன்மை எண் கிடைத்தால், அதிலிருந்து ஒரு நிறைவெண்ணை ஆக்கலாம் என்று யூக்ளிட் முன்னரே காட்டியிருந்தார். ஆனால் எந்த எந்த வலுக்களில் அவ்வாறு கிடைக்கும்?

1644இல் வெளியிட்ட நூலில் அடிகளார் 257ஆம் வலு வரை பட்டியல் தந்தார். 15, 20 இலக்க எண்ணைச் சோதிக்கவே காலமெல்லாம் போதாது என்று அவரே எழுதியிருப்பதால், அனைத்தையும் கணித்துப் பார்த்தார் என நாம் கொள்வதற்கில்லை. 61, 89, 107 ஆகியவற்றை அவர் விட்டுவிட்டார். 67ஐயும் 257ஐயும் தவறாகச் சேர்த்துக்கொண்டார்.

1648 செப்டெம்பர் 1ஆம் திகதி அவர் காலமானார். தம் உடலை அறுத்துச் சோதித்து நோயின் காரணத்தை அறியும்படி வைத்தியர்களைக் கேட்டிருந்தார்.

67ஆம் வலு தரும் எண் 147,573,952,589,676,412,927. இது முதன்மை எண் அன்று என்று 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் நிறுவினார்; ஆயினும் அதன் காரணிகளை அவர் காட்டவில்லை. 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் கூடிய கணிதர் சபையில் பேராசிரியர் கோல் எழுந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் அந்த எண்ணைக் கணித்து எழுதினார் என்பர். பின் அருகே 193,707,721ஐ 761,838,257,287ஆற் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அவர் மௌனமாகவே தம் ஆசனத்திற்குத் திரும்ப, சபை கரகோஷம் செய்தது.