தஞ்சை ரகுநாத நாயக்கர்

தஞ்சை மாநகருக்குச் செல்வோர் பெரிய கோயிலைத் தரிசியாமல் திரும்புவதில்லை. சரஸ்வதி மஹாலையும் அரண்மனையையும் பார்க்கத் தவறுவோரும் சிலரே. ஆனால் கீழவாசலில் பழைய கோட்டை மதிலின் மேல் உள்ள பீரங்கி மேட்டுக்கு ஏறிச் செல்வோர் மிகச் சொற்பம். அங்கே ராஜகோபாலப் பீரங்கி என்னும் பெயருடன் ஓர் இரும்புப் பூதம் படுத்திருக்கிறது. ஏறத்தாழ 25 அடி நீளம். 20 டன்னுக்கு மேற்பட்ட எடை. வாயின் அகலம் இரண்டடி. உலகத்தில் வார்க்காமல் அடித்துச் செய்யப்பட்ட இரும்புப் பீரங்கிகளில் இதற்கு நிகராக எண்ணத்தக்கவை விரல் விட்டு எண்ணக் கூடியவையே. இது ரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானது. அம்மன்னரின் சரித்திரத்தைச் சங்கீத வித்துவான்களும் ஸம்ஸ்கிருத, தெலுங்குப் பண்டிதர்களும் ஒருவாறு அறிவர். பொது ஜனங்கள் அறிந்தது குறைவு. அதனை இன்று சுருக்கமாக ஆராய்வோம். புகழ்வதற்காக மட்டுமன்று, அவருடைய வாழ்க்கையில் நமது தேசம் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருப்பதாலும் இதை எழுதுகிறோம்.

தஞ்சையில் நாயக்கர் ஆட்சியை நிறுவியவர் சேவப்ப நாயக்கர். விஜயநகர மன்னர் அச்சுதராயரின் மைத்துனி மூர்த்திமாம்பாளை மணந்தவர் அவர். 1532-ஆம் ஆண்டை ஒட்டிச் சோழவளநாட்டின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. அவருடைய குமாரர் அச்சுதப்ப நாயக்கர். அவருடைய குமாரரே ரகுநாதர். 1565-இல் தலைக்கோட்டை யுத்தத்தில் விஜயநகரம் வீழ்ந்தது. அதன் பின் தெற்கே மதுரை, செஞ்சி, தஞ்சை நாயக்கர்கள் பெயருக்குச் சக்ரவர்த்திக்கு அடங்கியும், உண்மையில் தத்தம் மனம் போலவும் ஆண்டு வந்தனர். ரகுநாதர் காலத்தில் தஞ்சை நாயக்கர் சக்ரவர்த்தியிடம் கொண்ட விசுவாசத்தைக் கைவிடவில்லை. பட்டத்துக்கு வருமுன்பே ரகுநாதர் பெனுகொண்டாவுக்குச் சென்று, கோல்கொண்டாச் சேனையால் நெருக்கப்பட்ட வேங்கடபதி ராயருக்குத் துணை நின்றார் என்று அவருடைய சபைக் காவியங்கள் கூறுகின்றன. 1600 முதல் தந்தையுடன் சேர்ந்தும், பின்னர் தனித்தும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அரசு செலுத்தினார்.

அக்காலத்தில் கொள்ளிடம் கடலோடு கலக்கும் இடத்தில், நீர் சூழ்ந்த தீவில், சோளகன் என்னும் தலைவன் அரண் அமைத்துக்கொண்டு வழிப்போக்கரையும் குடிகளையும் வதைத்து வந்தான். ரகுநாதர் அவன் மேல் படை நடத்தி அவனை அடக்கினார். ஆயினும் அவருடைய பெயர் தென்னாடு முழுவதும் பரவக் காரணமானது தோப்பூர் யுத்தமே.

1614-இல் வேங்கடபதி ராயர் காலமானார். அரியணைக்கு வந்த ஸ்ரீரங்கரையும் அவர் குடும்பத்தாரையும் ஜக்கராயன் என்னும் பிரபு சிறையிட்டுக் கொன்றான். அக்குடும்பத்தில் தப்பிய சிறுவர் ராமதேவர் ஒருவரே. அவரை விசுவாசியான யாசம நாயக்கர் ரகசியமாக மீட்டுக் காத்தார். மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் ஜக்கராயன் பக்கம் சேர்ந்தனர். உரிமை உள்ள சிறுவரின் பக்கம் நின்றவர் ரகுநாதர். 1616-ஐ ஒட்டித் திருச்சிராப்பள்ளிக்கும் கல்லணைக்கும் இடையே காவேரிக் கரையில், தோப்பூரில், இரு தரத்தாரும் மோதினர். பகைவர் காவேரியின் அணையையே உடைத்தனர் என்று சபைக் காவியங்கள் கூறுகின்றன. நெல்லும் நீருமே உயிராய் உள்ள நாட்டில் இதைவிடக் கொடிய செயல் வேறில்லை. அணை போனால் அரசன் மட்டும் தோற்பதில்லை. கடைமடையில் நாற்று விட்டுக் காத்திருக்கும் ஏழை உழவனும் தோற்கிறான். யுத்தத்தில் ஜக்கராயன் மாண்டான். ராமதேவர் சக்ரவர்த்தியாக முடி சூட்டப் பெற்றார். வெற்றிக்குப் பின் ரகுநாதர் அரியணையைத் தாம் விரும்பவில்லை, உரியவருக்கே அளித்தார். அக்கால அரசியலில் இது சாமானியமான குணம் அன்று.

யுத்தத்தைக் காட்டிலும் கலையிலேயே அவர் மனம் அதிகமாக ஈடுபட்டிருந்தது. தெலுங்கில் அவரே காவியங்கள் இயற்றினார். அவருடைய சபையில் ராமபத்ராம்பாள் அவர் சரித்திரத்தை ஸம்ஸ்கிருதத்தில் பாடினார். மதுரவாணி, மன்னர் தெலுங்கில் எழுதிய ராமாயணத்தை ஸம்ஸ்கிருதக் காவியமாக்கினார். ஸ்திரீகள் கல்வி பெறுவதே தகாது என்று பிற்காலத்தில் வாதித்தவர்கள் இதைச் சற்றே நினைத்திருக்கலாம். மந்திரி கோவிந்த தீக்ஷிதர் மூன்று நாயக்கர்களுக்கும் ஆலோசனை கூறிய பேரறிஞர். கும்பகோணத்து மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபங்கள் அவர் பெயரை இன்றும் சொல்லுகின்றன. அவ்வூரிலேயே ராமஸ்வாமி கோயிலை ரகுநாதர் எடுப்பித்தார். வீணையில் 24 மெட்டுக்களை நிலையாகப் பதித்து, ராகத்துக்கு ராகம் மெட்டை மாற்ற வேண்டிய தொல்லையை நீக்கிய அமைப்பும் அவர் காலத்தது என்பர். இன்று தஞ்சையில் செய்யப்படும் வீணை அந்த வமிசத்தில் வந்ததே.

இத்தகைய வீணைப் பிரியர் உலகம் வியக்கும் பீரங்கியை ஏன் செய்வித்தார் என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கு விடை அந்த நூற்றாண்டின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1520-இல் ரெய்ச்சூர் முற்றுகையில் கிருஷ்ணதேவராயருக்குப் போர்த்துக்கீசியத் துப்பாக்கி வீரர் உதவினர். 1526-இல் பாபர் பானிபட்டில் வென்றதற்குப் பீரங்கி முக்கியக் காரணம். 1549-இல் அகமது நகரில் வார்க்கப்பட்ட மாலிக்-இ-மைதான் என்னும் வெண்கலப் பீரங்கி பின்னர் பீஜப்பூரின் மதிலில் ஏற்றப்பட்டது. தலைக்கோட்டையில் சுல்தான்களின் பீரங்கிகள் விஜயநகரச் சேனையைக் குலைத்தன. வில்லும் வேலும் வீரமும் இனிப் போதா என்பதை அந்த ஒரு நாள் தென்னாட்டு மன்னர்களுக்குக் கற்பித்தது. நமது மொழியே இதற்குச் சாட்சி. துப்பாக்கி என்பது துருக்கியரிடமிருந்து வந்த சொல். பீரங்கி என்பது பரங்கியர் பெயரையே தாங்கிய சொல்.

சொல் அயலார் தந்ததாயினும் வேலை நம்முடையது. சிலர் ராஜகோபாலப் பீரங்கியை டேனிஷ்காரர் வார்த்துக் கொடுத்தனர் என்று எழுதுகின்றனர். அதைக் கூர்ந்து பார்த்தவர் எவரும் இவ்வாறு கூற மாட்டார். ஏனெனில் அது வார்க்கப்பட்டதே அன்று. நீண்ட இரும்புப் பட்டைகள் நாற்பதுக்கு மேற்பட்டவற்றைப் பீப்பாயின் பலகைகள் போல வட்டமாகச் சேர்த்து, அவற்றின் மேல் வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி வரிசையாகச் செலுத்தி, அடித்து இணைத்திருக்கிறார்கள். சூட்டில் விரிந்த வளையம் குளிரும்போது சுருங்கி உள்ளிருக்கும் பட்டைகளை இறுகப் பற்றிக்கொள்ளும். காவேரிக் கரை கிராமங்களில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைக் கண்டவர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. கொல்லன் வரட்டி அடுக்கித் தீ மூட்டி, பட்டாவைச் சிவக்கக் காய்ச்சி, சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றுகிறான் அல்லவா? அதே சூத்திரந்தான் இங்கே இருபது டன் அளவில் கையாளப்பட்டது. ஐரோப்பாவிலும் முன்னர் இவ்வாறே செய்தனர். எடின்பரோவில் உள்ள 1449-ஆம் ஆண்டின் மான்ஸ் மெக் என்னும் பீரங்கி இம்முறையில் ஆனதே. ஆனால் ரகுநாதர் காலத்துக்குள் ஐரோப்பியர் பெரும்பாலும் பீரங்கிகளை வார்க்கத் தொடங்கி, அடித்துச் செய்யும் முறையைக் கைவிட்டிருந்தனர். ஆகவே தஞ்சைப் பீரங்கி நமது கொல்லர்களின் கைவேலை என்பதே நமது துணிபு.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். தஞ்சைச் சீமை வண்டல் மண். அங்கே இரும்புத் தாது கிடையாது. அத்தனை இரும்பையும் வெளியிலிருந்து கொண்டுவந்தே ஆக வேண்டும். உலைக்களத்துக்குக் கரியும் மலை மலையாய் வேண்டும். பல உலைகளை ஒரே சமயத்தில் ஊதி, பல சம்மட்டிகளை ஒரே தாளத்தில் இறக்கி, சூடு ஆறுவதற்குள் வளையத்தை ஏற்ற வேண்டும். ஒரு வளையம் கோணினால் அதுவரை செய்த உழைப்பு வீண். பல நூறு கைகள் ஒரே மனத்துடன் இயங்கினாலன்றி இது முடியாது. நானூறு ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் கிடந்தும் அந்த இரும்பு துருவுக்கு இரையாகி அழியவில்லை. மன்னருடைய பெயரைக் காவியங்கள் போற்றின. மந்திரியின் பெயரைக் கல்வெட்டும் கர்ணபரம்பரையும் காத்தன. இந்தக் கொல்லர்களில் ஒருவருடைய பெயரையேனும் நமது ஜனங்கள் அறிவார்களா?

இனி, மன்னரின் கணக்கில் மறுபக்கத்தையும் பார்ப்போம். டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்டியன் ஆதரவில் 1616-இல் ஒரு வர்த்தகக் கம்பெனி ஏற்பட்டது. அதன் தூதர் ஓவே கெட்டே 1620 நவம்பரில் ரகுநாதருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் வியாபாரம் நடத்தவும் டேனிஷ்காரருக்கு உரிமை கிடைத்தது. ரகுநாதர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதுவித்து அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கடற்கரையில் ஓங்கியிருந்த போர்த்துக்கீசியருக்கு எதிரெடையாக மற்றோர் ஐரோப்பிய ஜாதியாரை நிறுத்த மன்னர் எண்ணினார் என்று ஊகிப்பதில் தவறில்லை. அதற்குச் சற்று முன்பே, 1619-இல், போர்த்துக்கீசியர் யாழ்ப்பாணத்தைக் கவர்ந்து சங்கிலி மன்னனைச் சிறைப்படுத்தினர். தஞ்சையிலிருந்து சென்ற படைகளால் அதை மீட்க முடியவில்லை. சேனையும் இருந்தது, துணிவும் இருந்தது, கடலை ஆளும் கப்பல் இல்லை.

தங்கத் தகட்டில் எழுதிக் கொடுத்த அந்தக் கடற்கரை என்ன ஆயிற்று? 1845-இல் டேனிஷ்காரர் தரங்கம்பாடியை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டனர். ஒரு ஊரையும் அதன் ஜனங்களையும், அவர்களைக் கேளாமலே, ஓர் அயலார் மற்றோர் அயலாருக்குக் கிரயம் செய்தனர். வியாபாரத்துக்கு இடங்கொடுத்த அரசர் எவரும் இப்படி ஒரு நாள் வரும் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

ரகுநாதருக்குப் பின் அவர் குமாரர் விஜயராகவ நாயக்கர் ஆண்டார். மன்னார்குடி ராஜகோபாலஸ்வாமியிடம் அவர் கொண்ட பக்தி அளவு கடந்தது. அந்தத் தெய்வத்தின் திருநாமமே பீரங்கிக்கும் அமைந்திருக்கிறது. ஆனால் 1673-இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் சேனை தஞ்சையின் மேல் பாய்ந்தது. அயலார் அல்லர், அண்டை நாட்டவர், ஒரே விஜயநகரத்தின் நிழலில் வளர்ந்தவர்கள். கிழக்கு வாசலில் ராஜகோபாலன் காத்துக் கிடக்க, மேற்கே திருச்சிராப்பள்ளியிலிருந்து பகைவர் வந்தனர். முதிய விஜயராகவர் யுத்தத்தில் வீழ்ந்தார். அவருடைய கட்டளைப்படி அந்தப்புரம் வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது என்று பரம்பரைச் சரித்திரங்கள் கூறுகின்றன. பகைவருக்காகச் சேர்த்த மருந்து தன் வீட்டுப் பெண்களையே எரித்தது. சில ஆண்டுகளுக்குள் மராட்டியர் ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றினார். 1855-இல் மராட்டிய வமிசத்தின் கடைசி மன்னர் ஆண் சந்ததியின்றி இறந்ததும் கம்பெனியார் தஞ்சையைத் தமதாக்கிக் கொண்டனர்.

ஆகவே ரகுநாதரை எவ்வாறு மதிப்பிடுவது? உரியவருக்கு முடியைக் காத்துக் கொடுத்த உத்தமர். கலையை வளர்த்த ரஸிகர். தம் நாட்டுக் கொல்லர்களின் திறமையை நம்பி மாபெரும் காரியத்தை ஒப்படைத்தவர். இவை மூன்றும் உண்மை. ஆனால் அவருடைய சமகாலத்தவரான ஸ்வீடன் மன்னர் கஸ்டாவஸ் அடால்பஸ், ஓரிரு குதிரைகள் இழுத்துச் செல்லக்கூடிய சிறு பீரங்கிகளைச் செய்து தம் சேனையோடு நடத்திக் கொண்டிருந்தார். நாமோ அசைக்க முடியாத ஒன்றைச் செய்து, அதற்குத் தெய்வத்தின் பெயரிட்டு, அதன் அருகில் நிம்மதியாக உறங்கினோம். கொல்லர்களிடம் திறமை இருந்தது. அத்திறமையை ஆண்டுக்கு ஆண்டு வளர்க்கும் ஏற்பாடு ராஜ்யத்தில் இல்லை. ஒரு பெரும் பீரங்கி பெருமைக்கு ஆகும், காவலுக்கு ஆகாது. அதைவிடப் பெரிய குறை ஒற்றுமையின்மை. தோப்பூரில் இரு பக்கமாகப் பிரிந்து நின்ற மூன்று நாயக்கர்களும் ஒன்றுபட்டு நின்றிருப்பின் தென்னாட்டுக் கடற்கரையின் சரித்திரமே வேறாகியிருக்கும்.

1947-இல் தேசம் சுதந்தரம் அடைந்தது. நமது கோட்டைகளையும் பீரங்கிகளையும் இன்று நாம் பகையின்றிப் பார்க்கலாம். தஞ்சை மாணவர்களை ஆசிரியர்கள் பீரங்கி மேட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மன்னரின் கதையோடு நிறுத்தாமல், பட்டையும் வளையமும் எவ்வாறு இணைந்தன என்பதை ஒரு வண்டிச் சக்கரத்தைக் காட்டி விளக்க வேண்டும். ஊர் பேர் தெரியாத அந்தக் கொல்லர்களின் நினைவாக அங்கே ஒரு கல் நடப்படுமானால் அது ரகுநாதருக்கும் செய்த மரியாதையே ஆகும். அவர்களுடைய சம்மட்டி இல்லாவிட்டால், அவர் பெயரைச் சொல்ல அந்த மேட்டில் இரும்பு ஏது?