முதல்வர் கானோ

ஜூடோ என்றவுடன் வெள்ளை உடையும் கறுப்புக் கச்சையும் நம் மனக்கண்முன் வரும். அதனை 1882-இல் டோக்கியோவில் தோற்றுவித்த ஜிகோரோ கானோ (1860–1938) ஒரு கல்லூரி முதல்வர் என்பதே என்னை மிகவும் கவர்ந்த செய்தி.

சிறிய உடலினர். இளமையில் வலிய மாணவர்களின் தொல்லை பொறாமல் ஜுஜுத்சு என்னும் பழைய மற்கலையைக் கற்றார். பின்னர் டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் கல்லூரியில் 20 ஆண்டுகளுக்கு மேல் முதல்வராக விளங்கினார். விளையாட்டு வளர வீரர்கள் மட்டும் போதாது. கற்பிப்போரும் நடத்துவோரும் வேண்டுமல்லவா? அங்கே 1915-இல் உடற்கல்வித் துறையை நிறுவினார். 1909-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியரும் அவரே. 1912-இல் ஸ்டாக்ஹோமுக்கு அவர் அழைத்துச் சென்ற ஜப்பானிய அணியில் வீரர்கள் எத்தனை பேர் தெரியுமா? இருவரே!

1940 ஒலிம்பிக் விழாவை டோக்கியோவுக்குப் பெற முதுமையிலும் கடல் கடந்து உழைத்தார். 1936-இல் வெற்றி கிட்டியது. மறு ஆண்டே சீனாவுடன் போர் மூண்டது. 1896 முதல் சீன மாணவர்களை ஏற்றுப் பயிற்றுவித்தவர் அவர். அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்குமோ என்று எண்ணிப் பார்க்கிறேன். 1938-இல் கெய்ரோ கூட்டத்தில் டோக்கியோவுக்காக வாதாடித் திரும்புகையில், மே 4-ஆம் நாள் கப்பலிலேயே உயிர் நீத்தார். ஜூலையில் ஜப்பான் அவ்விழாவைக் கைவிட்டது.

அக்கல்லூரியின் வழிவந்த சுகுபா பல்கலைக்கழகம் 2015-இல், பல நாட்டு இளைஞர்களும் சேர்ந்து பயில, விளையாட்டு நிர்வாகத்தை உள்ளடக்கிய முதுகலைப் படிப்பொன்றைத் தொடங்கியது.