மக்கட்கு வழிகாட்டிய அப்பூதியடிகள்

சோழ நாட்டிலே, திருவையாற்றுக்குக் கிழக்கே, திருப்பழனத்தை அடுத்து விளங்கும் பழம்பதி திங்களூர். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் அந்தணர் மரபில் வாழ்ந்தவர் அப்பூதியடிகள். 63 நாயன்மாருள் ஒருவராகிய இவரைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையிற் போற்றினார். இவர்தம் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்துள் விரித்தருளினார்.

களவு, பொய், காமம், கோபம் என்பவற்றை நீக்கி இல்லறம் நடாத்திய அடிகள், திருநாவுக்கரசு சுவாமிகளை நேரிற் கண்டாரல்லர். கல்லிற் பிணித்துக் கடலில் இடப்பட்ட சுவாமிகளுக்கு அக்கல்லே தெப்பமான பெருமையைக் கேள்வியுற்றே பேரன்பு பூண்டார். மனையிலுள்ள அளவைகளுக்கும் தராசுக்கும், ஆவுக்கும் எருமைக்கும் அத்திருப்பெயரையே இட்டார். தாம் அமைத்த மடம், தண்ணீர்ப்பந்தல், குளம், சோலை ஆகிய எதற்கும் தம் பெயரைச் சூட்டினாரில்லை. புதல்வர் இருவரும் மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்றே அழைக்கப்பெற்றனர். நெல் அளக்கும்போதும் ஆவினை அழைக்கும்போதும் அடியார் திருநாமமே ஒலித்த மனையில் அச்சிறுவர் வளர்ந்தனர்.

திருப்பழனத்தை வணங்கி அவ்வழியே எழுந்தருளிய சுவாமிகள், தண்ணீர்ப்பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து அடிகளின் மனையை அடைந்தார். தம் பெயரை எழுதாது வேறொரு பெயர் எழுதியது ஏன் என்று வினவினார். வந்தவர் இன்னாரென அறியாத அடிகள் வெகுண்டு, அப்பெயருடையாரின் பெருமையை எடுத்துரைத்தார். சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்ட எளியவன் தாமே எனச் சுவாமிகள் உணர்த்தவும், அடிகள் திருவடியில் வீழ்ந்தார், ஆடினார், பாடினார், அமுது செய்தருள வேண்டினார்.

அமுது ஆயத்தமாயிற்று. வாழைக்குருத்து அரிந்துவர மூத்த புதல்வரை அனுப்பினர். தோட்டத்தில் அரவு அவர் கையைத் தீண்டிற்று. அதனை உதறிய அப்பிள்ளை, நஞ்சு தலைக்கேறுமுன் குருத்தைச் சேர்த்துவிட வேண்டும் என்று விரைந்தார். அடியார் அமுது செய்தற்கு இடையூறாகும் என்றெண்ணி அரவு தீண்டியதை எவர்க்கும் உரைத்தாரில்லை. குருத்தை அன்னையார் கையிற் கொடுத்து உயிர் நீங்கி வீழ்ந்தார்.

குறிகளால் உண்மையை அறிந்த பெற்றோர் செய்தது யாது? உடலைப் பாயால் மறைத்து முற்றத்தில் ஒருபுறம் வைத்துவிட்டுச் சுவாமிகளை அமுதுக்கு அழைத்தனர். அரற்றவேண்டிய நேரத்தில் அடியார் பசியையே நினைந்தனர். இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. தந்தையார் மகனை மறைத்தார். அதற்கு முன்னரே மகன் நஞ்சை மறைத்துவிட்டான். இருவர்க்கும் நோக்கம் ஒன்றே. இவ்வாறு செய்க என்று எவரும் அப்பிள்ளைக்குக் கற்பித்தாரில்லை. தந்தையார் நாள்தோறும் நடந்த நெறியே அவன் நெஞ்சிற் பதிந்து, உயிர் போகும் வேளையிலும் அவனை நடத்திற்று.

அனைவர்க்கும் திருநீறு அளித்த சுவாமிகள் மூத்த புதல்வரை அழைக்குமாறு பணித்தார். அவன் இப்போது உதவான் என்ற அளவில் அடிகள் விடை கூறினார். சுவாமிகளின் திருவுள்ளம் அதனை ஏற்கவில்லை. மீண்டும் வினவி உண்மை உணர்ந்த சுவாமிகள், உடலைத் திருக்கோயில் முன் கொணர்வித்துப் பதிகம் பாடியருளினார். பிள்ளை துயிலுணர்ந்தாற்போல் எழுந்தான். மகன் பிழைத்த மகிழ்ச்சியினும், அடியார் அமுது தாழ்ந்ததே என்ற வருத்தம் பெற்றோர்க்கு மிக்கிருந்தது. பின்னர் சுவாமிகள் அப்புதல்வரோடு உடனிருந்து அமுது செய்தருளினார். திருப்பழனத் திருப்பதிகத்தில் அடிகளின் பெயரையும் வைத்துப் பாடிச் சிறப்பித்தார். தம் பெயரை எங்கும் எழுதாதவரின் பெயர் இவ்வாறு திருமுறையில் நிலைபெற்றது.

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள், கும்பாபிடேக நன்னாளில் தம் மக்களையும் அழைத்து வருதல் வேண்டும். அடியார்க்குத் தண்ணீர் வார்க்கும் தந்தையின் கையை மக்கள் காணட்டும். கல்லில் பொறித்த பெயரினும் அக்காட்சியே அவர்க்குச் சிறந்த முதுசொம் ஆகும். தை மாதச் சதய நாளில் அப்பூதியடிகளின் குருபூசையை இல்லந்தோறும் மக்களோடு கொண்டாடி, சிவனருள் பெற்று உய்வோமாக.