நீதி வழுவா ஜான் ஆடம்ஸ்

பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் பதின்மூன்று குடியேற்ற நாடுகள் ஆங்கில அரசுக்கு உட்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று மாசச்சூசெட்ஸ். அங்குப் பிரெயின்ட்ரி என்னும் ஊரில் 1735 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30 ஆம் நாள் ஜான் ஆடம்ஸ் பிறந்தார். தந்தையார் எளிய உழவர். ஆடம்ஸ் ஹார்வர்டு கல்லூரியில் பயின்று 1755 இல் பட்டம் பெற்றார். சிலகாலம் ஆசிரியராயிருந்து, பின்னர்ச் சட்டம் கற்று, 1758 இல் வழக்கறிஞரானார்.

எதனையும் எண்ணித் துணிவது அவர் இயல்பு. 1765 இல் ஆங்கிலப் பாராளுமன்றம் குடியேற்ற மக்கள்மீது முத்திரை வரி விதித்தது. அம்மன்றத்தில் அம்மக்களின் சார்பாளர் ஒருவரும் இலர். சினங்கொண்ட பாஸ்டன் நகரத்தார் அதிகாரிகளின் இல்லங்களைச் சூறையாடினர். ஆடம்ஸோ, அவ்வரி முறையற்றது என்பதைச் சட்டத்தின் துணைகொண்டு எடுத்துரைத்துத் தம் ஊரார் சார்பில் மறுப்புரை வரைந்தார்.

1770 மார்ச்சு 5 ஆம் நாள் இரவு, பாஸ்டனில் காவல்புரிந்த ஆங்கிலப் படைவீரரைப் பெருங்கூட்டம் சூழ்ந்து நெருக்கியது. பனிக்கட்டிகளும் கோல்களும் பறந்தன. வீரர்கள் சுட்டனர், ஐவர் மாண்டனர். நகரெங்கும் சினத்தீ மூண்டது. அவ்வீரர்க்காக வழக்காடுவது ஊரார் பகையைத் தேடிக்கொள்வதாகும். ஆயினும், குற்றஞ்சாட்டப்பட்ட எவர்க்கும் நேரிய விசாரணை வேண்டும் எனக் கருதிய ஆடம்ஸ் அவ்வழக்கை ஏற்றார். சான்றுகளை நுணுகி ஆராய்ந்து வாதிட்டார். படைத்தலைவர் விடுதலை பெற்றார். எட்டு வீரருள் அறுவர் குற்றமற்றவராயினர். இருவர் மட்டும் தண்டனை பெற்றனர். வழக்கை அவர் ஏற்ற பின்னரே, அவ்வாண்டு ஜூன் திங்களில், பாஸ்டன் மக்கள் அவரைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். அவருடைய நேர்மையை அவர்கள் அறிந்திருந்தனர்.

1773 இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டன. அதற்கு ஈடாக ஆங்கில அரசு 1774 இல் துறைமுகத்தை மூடியது. மாசச்சூசெட்ஸ் மக்களின் பழைய உரிமைகளையும் குறைத்தது. கூட்டம் வரம்பு மீறியபோது சட்டத்தின் பக்கம் நின்ற ஆடம்ஸ், அரசே வரம்பு மீறியபோதும் அப்பக்கமே நின்றார். பிலடெல்பியாவில் கூடிய பேரவைக்குச் சென்றார். 1775 இல் வாஷிங்டனைப் படைத்தலைவராக்குமாறு முன்மொழிந்தார். விடுதலை அறிக்கையை ஜெபர்சன் வரைந்தார். அதனைப் பேரவை ஏற்குமாறு அயராது வாதிட்டவர் ஆடம்ஸ். 1776 ஜூலை 4 ஆம் நாள் அறிக்கை நிறைவேறிற்று. போரில் தோற்றிருப்பின், அதில் கையொப்பமிட்டோர்க்குத் தூக்குமேடையே காத்திருந்தது.

மாசச்சூசெட்ஸின் அரசியலமைப்பைப் பெரிதும் வரைந்தவர் அவரே. 1780 இல் ஏற்கப்பெற்ற அது, திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. 1783 இல் பாரிசில் ஆங்கில அரசுடன் அமைதி உடன்படிக்கை செய்த மூவருள் அவரும் ஒருவர். 1797 இல் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரானார். அரசைப் பழித்து எழுதுவோரை ஒறுக்கும் சட்டத்தில் 1798 இல் அவர் கையொப்பமிட்டது, அவர்தம் புகழுக்கு ஒரு மாசாகும். பிரெஞ்சுக்காரர் அமெரிக்கக் கப்பல்களைக் கவர்ந்தபோது, அவருடைய கட்சியினர் பலர் போரை விரும்பினர். அவரோ தூதரை அனுப்பி 1800 இல் அமைதி கண்டார். அதனால் கட்சி பிளவுற்றது. அவ்வாண்டுத் தேர்தலில் அவர் தோற்றார்.

பின்னர் ஊர் திரும்பிய ஆடம்ஸ், அரசியற் பகையால் பிரிந்திருந்த ஜெபர்சனுடன் 1812 இல் மீண்டும் நட்புக் கொண்டார். விடுதலை அறிக்கை நிறைவேறி ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 1826 ஜூலை 4 ஆம் நாள் இருவரும் உயிர் நீத்தனர். மக்களின் சினத்திற்கும் மன்னனின் சினத்திற்கும் அஞ்சாது நீதியைக் காப்பதே உண்மை வீரம் என்பதை ஆடம்ஸின் வாழ்க்கை உணர்த்துகின்றது.