சொல்லே இல்லாத பாட்டுக்குத் தடை: கித்தார் கலைஞர் லிங்க் ரே

ஒரு பாட்டை வானொலியில் தடை செய்கிறார்கள் என்றால் அதன் வரிகளில் ஏதோ வில்லங்கம் இருக்க வேண்டும். 1958-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களில் சில வானொலி நிலையங்கள் ஓர் இசைத்தட்டை ஒலிபரப்ப மறுத்தன. அதில் வரிகளே கிடையாது, பாடகரும் இல்லை. ஏறக்குறைய இரண்டரை நிமிட கித்தார் வாசிப்பு, அவ்வளவுதான்.

இசைத்தட்டின் பெயர் ‘ரம்பிள்’. அந்தக் கால அமெரிக்க இளைஞர்களின் பேச்சில் அது கும்பல் கும்பலாக மோதிக்கொள்ளும் தெருச்சண்டையைக் குறித்தது. இதைக் கேட்டுப் பையன்கள் அடிதடியில் இறங்கிவிடுவார்களோ என்று பெரியவர்கள் பயந்தார்கள். தடையையும் மீறி அது பில்போர்ட் பட்டியலில் 16-ஆம் இடம் வரை ஏறியது. வாசித்தவர் லிங்க் ரே.

1929 மே 2-ஆம் தேதி வட கரோலினா மாநிலத்தின் டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். இயற்பெயர் ஃபிரெட் லிங்கன் ரே. வறுமைக் குடும்பம். தந்தை முதல் உலகப் போரில் மனம் பாதிக்கப்பட்டுத் திரும்பியவர். தாய் உடல் ஊனமுற்றவர். தெருவில் நின்று மதப் பிரசாரம் செய்தவர். தாய் வழியில் தாங்கள் ஷானி எனும் செவ்விந்தியப் பழங்குடியினர் என்று லிங்க் ரே வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளான் வரும் இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்ட பிள்ளைப் பருவத்தை அவர் மறக்கவே இல்லை.

எட்டு வயதில் ஊருக்கு வந்த சர்க்கஸில் வேலை செய்த ஒரு கறுப்பினத்தவர் அவருக்குக் கித்தாரைத் தொடக் கற்றுக்கொடுத்தார். ஹாம்போன் என்று ஊரார் அழைத்த அந்த மனிதரைப் பற்றி அதற்கு மேல் வரலாற்றில் அதிகம் இல்லை. ஆனால் பின்னால் வந்ததெல்லாம் அந்தத் திண்ணைப் பாடத்தில் தொடங்கியதுதான்.

தந்தைக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைக்கவே, குடும்பம் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத் நகருக்குக் குடிபெயர்ந்தது. அண்ணன் வெர்னன், தம்பி டக், இருவரோடும் சேர்ந்து லிங்க் ரே நாட்டுப்புறக் குழு ஒன்றை நடத்தினார். வெர்னன் பாடினார், டக் மேளம் அடித்தார். இடையில் கொரியப் போர்க் காலத்தில் லிங்க் ரே ராணுவத்தில் பணியாற்றினார். அங்கே பிடித்த காசநோய் அவரை ஆஸ்பத்திரியில் தள்ளியது. 1956-இல் ஒரு நுரையீரலையே எடுத்துவிட்டார்கள். இனிப் பாட முடியாது என்றார்கள் மருத்துவர்கள்.

இசைக்காரனுக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்கிறது? பாட்டுப் போன பிறகு மிஞ்சியது கையிலிருந்த கித்தார் ஒன்றுதான். தொண்டையால் சொல்ல முடியாததை இனிக் கம்பிதான் சொல்ல வேண்டும்.

அதற்கான நாள் ஃபிரெடெரிக்ஸ்பர்க் என்ற ஊரில் வந்தது. மில்ட் கிராண்ட் என்ற வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பாளர் நடத்திய நடன நிகழ்ச்சி அது. அப்போது பையன்களும் பெண்களும் வரிசையில் நின்று ஆடும் ஒரு நடனம் பிரபலம். அதற்கேற்ற பாட்டை வாசிக்கச் சொன்னார் கிராண்ட். லிங்க் ரேக்கு அந்தப் பாட்டு தெரியாது. டக் மெதுவாகத் தாளத்தைத் தொடங்கினார். லிங்க் ரே கித்தாரில் இரண்டு மூன்று தடித்த சுரக்கட்டுகளைப் போட்டு இழுத்தார். வெர்னன் பாடுவதற்கு வைத்திருந்த மைக்கைத் தூக்கி கித்தாரின் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் வைத்தார். பெட்டி அலறியது. கூட்டம் அன்றிரவே அதை மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டது.

பதிவு செய்யப் போனபோதுதான் சிக்கல். ஸ்டூடியோவில் எல்லாம் சுத்தமாக, மென்மையாகக் கேட்டது. மேடையில் வந்த உறுமல் வரவில்லை. லிங்க் ரே ஒரு பென்சிலை எடுத்தார். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் குத்திக் குத்தித் துளைகள் போட்டார். கிழிந்த காகிதம் அதிர, கித்தார் கரகரத்தது. கெட்டுப்போன கருவியின் சத்தம் என்று ஸ்டூடியோக்காரர்கள் தூக்கி எறியக்கூடிய ஒன்றை அவர் வேண்டுமென்றே உண்டாக்கினார்.

கரகரத்த கித்தாரை முதலில் வாசித்தவர் அவரே என்று சிலர் எழுதுவது சரியல்ல. கறுப்பின புளூஸ் கலைஞர்கள் சிலரின் தட்டுகளில் அந்த ஒலி முன்பே உண்டு. லிங்க் ரே செய்தது வேறு. வேகமான விரல் வித்தை எதுவுமின்றி, அந்தக் கரகரப்பையும் சில சுரக்கட்டுகளையும் மட்டுமே நம்பி ஒரு முழுப் பாட்டை நிறுத்திக் காட்டினார். கையில் மலிவுக் கித்தாரும் வீட்டில் ஒரு கார் கொட்டகையும் இருந்த எந்தப் பையனுக்கும் நாமும் வாசிக்கலாமே என்ற துணிச்சலைத் தந்தது அதுதான். 1960-களில் கராஜ் ராக் என்று பெயர் பெற்ற இசையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

தட்டை வெளியிட்ட கேடன்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆர்ச்சி பிளேயருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் வீட்டுப் பெண்ணுக்குப் பிடித்ததால்தான் வெளிவந்தது. இசையமைப்பாளர் என்ற இடத்தில் லிங்க் ரேயோடு மில்ட் கிராண்டின் பெயரும் அச்சானது. அறிவிப்பாளர்களுக்கு இப்படிப் பங்கு போவது அந்தக் காலத்தில் சகஜம். சகஜம் என்பதால் நியாயமாகிவிடாது.

அடுத்துப் போன எபிக் நிறுவனத்தில் ‘ராஹைட்’ 1959-இல் 23-ஆம் இடத்தைத் தொட்டது. உடனே அவரைத் திருத்தி நல்ல பிள்ளையாக்கப் பார்த்தார்கள். பெரிய வாத்தியக் குழுவை உட்காரவைத்து, பிரெஞ்சு மேதை டெபுசியின் ‘கிளேர் டி லூன்’ போன்றவற்றை வாசிக்க வைத்தார்கள். காட்டுப் பறவையைக் கூண்டில் போட்ட கதைதான். யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

சகோதரர்கள் மேரிலாந்து மாநிலத்தின் அக்கோகீக்கில் இருந்த குடும்ப நிலத்துக்குத் திரும்பினார்கள். அங்கிருந்த பழைய கோழிக் கொட்டகையை ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்கள். மூன்று தடங்களில் மட்டுமே பதியும் இயந்திரம் அங்கே இருந்தது. மேளம் இல்லாத இடத்தில் தரையைக் காலால் உதைத்தார்கள், ஆணி நிரப்பிய தகர டப்பாவைக் குலுக்கினார்கள். 1971-இல் பாலிடோர் வெளியிட்ட ‘லிங்க் ரே’ தொகுப்பு அங்கே பிறந்தது. பாட முடியாது என்று சொல்லப்பட்டவர் அதில் பாடவும் செய்தார். மூச்சு வாங்குகிற, சொரசொரப்பான குரல். அவருடைய ஆகச் சிறந்த வேலை அதுதான் என்று சொல்லலாம். விற்பனை என்னவோ சொற்பம்தான்.

பிறகு மெலிந்த ஆண்டுகள். 1977-இல் ராபர்ட் கோர்டன் என்ற இளம் பாடகர் தேடி வந்து அவரைச் சேர்த்துக்கொண்டார். இருவரும் இரண்டு தொகுப்புகள் செய்தார்கள். 1979-இல் வெர்னன் இறந்தார், 1984-இல் டக். 1980-களின் தொடக்கத்தில் லிங்க் ரே டென்மார்க்குக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஒரு டேனிஷ் பெண்ணை மணந்தார். சொந்த நாட்டில் அவரை ஏறக்குறைய மறந்தே போனார்கள்.

1994-இல் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ திரைப்படத்தில் ‘ரம்பிள்’ ஒலித்தது. பிறந்தே இராத பிள்ளைகளெல்லாம் இது யார் என்று கேட்டார்கள். அவரும் கறுப்புத் தோல் சட்டையோடு மீண்டும் மேடைகளில் ஏறினார். எழுபது வயதைத் தாண்டியும், ஒற்றை நுரையீரலோடு, காது வலிக்கும் சத்தத்தில் வாசித்தார். 2005-ஆம் ஆண்டில்கூட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார். அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி கோபன்ஹேகனில் இருதயம் நின்றது. வயது 76.

அம்மாதமே லண்டனில் பாப் டிலன் தம் இசை நிகழ்ச்சியை ‘ரம்பிள்’ வாசித்துத் தொடங்கினார். இளவயதில், 1959-இல், டுலுத் நகரில் லிங்க் ரேயை மேடையில் பார்த்தவர் அவர். அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் 2018-இல் பாட்டை மட்டும் சேர்த்துக்கொண்டது. வாசித்தவரைச் சேர்க்க 2023 வரை எடுத்துக்கொண்டது. அன்று மேடையேறி ‘ரம்பிள்’ வாசித்தவர் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ். பள்ளிப் பருவத்தில் அந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்த அவருக்கு அப்போது வயது 79.