மரபியல் மேதை ஹால்டேன்

அத்தை மகளை மணப்பதும் அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதும் தென்னாட்டின் நெடுநாள் வழக்கம். உறவு விட்டுப்போகலாகாது என்னும் எண்ணத்தில் வேரூன்றிய இவ்வழக்கத்தை மரபியல் கண்கொண்டு நோக்கிய அறிஞர்களுள் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

இவர் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பிறந்தார். உடலியல் அறிஞரான தந்தையின் ஆய்வுகளுக்குச் சிறுவயதிலேயே துணைநின்றார். தாம் கற்ற கணிதத்தை உயிரியலுக்குக் கருவியாக்கினார். உறவுத் திருமணத்தின் மரபியல் விளைவுகளைக் கணக்கிட்டு, 1939இல் மோஷின்ஸ்கியுடன் இணைந்து ஆய்வுரை வெளியிட்டார்.

ஒவ்வொரு குழந்தையும் தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றுமாக மரபணுக்களை இணையாகப் பெறுகிறது. தீங்கு தரும் ஒடுங்கு மரபணு ஒன்று மட்டும் இருப்பின் அதன் விளைவு பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. பெற்றோர் உறவினராயின், மூதாதை ஒருவரின் அதே மரபணு இருவழியாகவும் பிள்ளையைச் சேரக்கூடும். அவ்வாய்ப்பு, அத்தை மகளை மணந்தவரின் பிள்ளைக்கு 16இல் 1; அக்காள் மகளை மணந்தவரின் பிள்ளைக்கு 8இல் 1.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஹால்டேனிடம் பயின்ற ஜான் மேனார்டு ஸ்மித், இதன் விளைவைப் பழப்பூச்சிகளிடம் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்த இனத்தில், இணைசேருமுன் பெண்பூச்சி இருபுறமும் விரைந்து நகர்ந்து ஆடும். ஆண்பூச்சி ஈடுகொடுத்து எதிர்நிற்க வேண்டும். தலைமுறைதோறும் உட்கலப்பில் பிறந்த ஆண்பூச்சிகள் அவ்வாட்டத்தில் பின்தங்கின. பெண்பூச்சிகள் பலவும் அவற்றை ஏற்கவில்லை. உட்கலப்பு, இணையைப் பெறும் திறனையே நலிவிக்கும் என்பது புலனாயிற்று.

பூச்சியிடம் கண்டதை அப்படியே மனிதர்க்கு ஏற்றிச் சொல்லிவிட இயலாது. குப்பிக்குள் உடன்பிறப்புகளையே தொடர்ந்து கலக்கச் செய்யலாம். மனிதச் சமுதாயத்திலோ உறவு மணங்களும் புறமணங்களும் விரவியே நிகழ்கின்றன. எனவே, குடும்பங்களை நேரில் கண்டு கணக்கெடுத்தலே தக்க வழி.

1957இல் ஹால்டேன், மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவிற்கு வந்து, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியேற்றார். இந்தியக் குடியுரிமை பெற்றார். இந்திய உடையை விரும்பி அணிந்தார். அவருடைய மாணவர் கிருஷ்ண திரோணம்ராஜு, ஆந்திரத்தில் உறவுத் திருமணங்களை ஆராய்ந்தார். பின்னாளில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் தமிழகத்திலும் இத்தகைய ஆய்வை மேற்கொண்டனர்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் ஹால்டேன் மறைந்தார். அவர் விரும்பியவாறே, அவரது உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. வழக்கத்தைப் பழிக்காமலும் கண்மூடிப் போற்றாமலும் எண்ணிப் பார்த்து உண்மை காணும் நெறிக்கு அவர்தம் வாழ்வு சான்றாக நிற்கிறது.