மாமனார் ஆட்சியில் கணக்குக் கேட்ட மருமகன்

நம்மில் எல்.ஐ.சி. பாலிசி இல்லாத வீடு குறைவுதான். அந்த எல்.ஐ.சி. பணம் தப்பான வழியில் போனபோது எழுந்து நின்று கேட்டவர் பெரோஸ் காந்தி. இந்திரா காந்தி அம்மாவின் வீட்டுக்காரர், நேருவின் மருமகன் என்றுதான் இவரை நமக்குத் தெரியும். மகாத்மா காந்திக்கு இவர் சொந்தமில்லைங்க. பார்சி குடும்பம்.

1912 செப்டம்பர் 12ல் பம்பாயில் பிறந்து, அலகாபாத்தில் வளர்ந்தார். சின்ன வயசிலேயே சுதந்திரப் போராட்டத்துக்கு வந்துவிட்டார். 1942ல் கல்யாணம். அதே வருஷம் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஜெயிலில். 1946ல் லக்னோவின் நேஷனல் ஹெரால்டு பத்திரிகையை நிர்வாகம் செய்யப் போனார். 1952ல் ரேபரேலி எம்.பி. ஆனார். முதல் சில வருஷம் சபையில் அதிகம் பேசவில்லை.

அப்போதெல்லாம் இன்சூரன்ஸ் தனியார் கையில்தான் இருந்தது. ஜனங்க கட்டிய பிரீமியத்தை டால்மியா என்ற பெரிய முதலாளி தன் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பியதை 1955 டிசம்பரில் பெரோஸ் சபையில் விவரமாக எடுத்து வைத்தார். அடுத்த வருஷமே 245 கம்பெனிகளையும் சங்கங்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1956 செப்டம்பர் 1ல் எல்.ஐ.சி. பிறந்தது.

சரி, அரசாங்கத்திடம் வந்தாச்சு, இனி பயமில்லை என்று அவர் சும்மா இருக்கவில்லை. 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் 6 கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அந்தக் காலத்து 1 கோடி! முதலீட்டுக் குழு என்று ஒன்று இருந்தும் அதைக் கேட்கவே இல்லை. நம் குழுவில் தீர்மான நோட்டில் எழுதாமல், கையெழுத்து வாங்காமல் ஒருத்தருக்கு லோன் கொடுத்தால் விடுவோமா? அதே கதைதான். சில பங்குகளுக்குச் சந்தை விலையைவிட அதிகமாகவே கொடுத்திருந்தார்கள். தேதி, விலை எல்லாம் சேகரித்துக்கொண்டு டிசம்பர் 16ல் பெரோஸ் சபையில் பேசினார்.

ஆளுங்கட்சி அவருடைய கட்சி. பிரதமர் மாமனார். குழுவில் கணக்குக் கேட்டாலே, உறவுக்குள்ள என்ன சந்தேகம்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்குவாங்க. அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

பம்பாய் தலைமை நீதிபதி சாக்ளா, எல்லாரும் பார்க்க விசாரணை நடத்தினார். நம்ம தமிழ்நாட்டுக்காரர் டி.டி.கிருஷ்ணமாச்சாரிதான் அப்போது நிதி அமைச்சர். 1958 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். முந்த்ரா ஜெயிலுக்குப் போனார்.

1960 செப்டம்பர் 8ல் மாரடைப்பில் பெரோஸ் இறந்தார். இன்னும் 4 நாள் இருந்திருந்தால் 48 வயசு.

அவர் செய்த இன்னொரு காரியமும் உண்டு. நாடாளுமன்றத்தில் பேசியதை அப்படியே போட்டால்கூட அந்தக் காலத்தில் பத்திரிகை மேல் கேஸ் போடலாம். கெட்ட எண்ணமில்லாமல், உள்ளதை உள்ளபடி போட்டால் கேஸ் இல்லை என்ற சட்டம் 1956ல் வந்தது. மசோதா கொண்டு வந்தவர் இவர். நெருக்கடி நிலைக் காலத்தில், அவர் மனைவி பிரதமராக இருந்தபோதே, அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். 1977ல் ஆட்சி மாறியதும் மறுபடி வந்தது.